பானெட்டின் இடது பாதி

பட்டாசு என்று அவனுக்குப் பெயர் வைத்தது அவனுடைய மச்சான்தான். வைத்த அன்றைக்கு மச்சானின் மேல்வரிசையில் இரண்டு பல் குறைந்திருந்தது. வாய்க்குள் பஞ்சை அடக்கிக்கொண்டே, திரி கூட இல்லாமல் வெடிக்கிற பட்டாசு என்று தன் தங்கை புருஷனைப் பற்றிப் பல் டாக்டரிடம் சொன்னாராம். பல் டாக்டர் சிரித்தாரோ இல்லையோ, மறுநாள் மச்சான் வேலை பார்க்கிற கார் பாலிஷ் பட்டறை மொத்தமும் சிரித்தது. அதோடு அவனுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

பல் போன கதை சின்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வேறொரு பட்டறையில் இருந்த அவன் தேய்த்துக் கொடுத்த ஒரு நீலக் கார் வெயிலில் நின்றால் மேலெல்லாம் சிலந்தி வலை பின்னியது போலத் தெரிகிறது என்று மச்சான் சொன்னார். சொல்லிவிட்டு நிதானமாக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். அவன் எழுந்தது அவனுக்கே தெரியாது. கை மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தது. பல் ஒன்று தண்ணீர் டம்ளருக்குள் விழுந்து, ஒரு நூல் ரத்தத்தை மேலே விட்டபடி அடியில் போய் உட்கார்ந்தது. அதை எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவனுடைய ஆறு வயது மகள்.

மனைவி வீட்டைவிட்டுப் போனது அந்தப் பல்லுக்காக இல்லை. மூன்று நாள் கழித்து மகள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கில் ஒரு குத்து விட்டாள். தோளைப் பின்னால் இழுத்து, கட்டைவிரலை வெளியே மடக்கி, அச்சு அசலாக அப்பாவின் குத்து. அன்று சாயங்காலமே மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சத்தம் போடவில்லை, அழவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அண்ணன் வேலை பார்க்கிற பட்டறையில், அண்ணனுக்குப் பக்கத்திலேயே, அவன் ஆறு மாதம் வேலை பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் யார் மேலும் கை ஓங்கக் கூடாது. ஓங்கவில்லையென்றால் ஆறு மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் மகளும் திரும்பி வருவார்கள். ஓங்கினால் வரமாட்டார்கள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. வெள்ளியும் சனியும் தாண்டிவிட்டால் அந்த ஞாயிறு.

கோபம் வந்தால் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் போட்டுக்கொள்ள அவன் பழகியிருந்தான். ஆரம்பத்தில் பைக்குள்ளேயே நகம் உள்ளங்கையில் இறங்கி ரத்தம் கசியும். பைத்துணி கிழிந்துபோய் இரண்டு முறை அவனே ஊசி நூல் எடுத்துத் தைத்திருக்கிறான். இது மச்சானுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் காலையில் வந்ததும் அவனுடைய கைகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார்ப்பார். பைக்குள் இருந்தால் அவருக்கு அன்றைய பொழுது நல்லபடியாகத் தொடங்கியது என்று அர்த்தம். "நமத்துப் போச்சுடா மாப்ள," என்பார். "வெயில்ல காய வெச்சாலும் இனி நீ வெடிக்க மாட்டே." போட்டுக்கொண்ட இரண்டு கட்டுப்பல்லும் பளிச்சென்று தெரியும்.

பாலிஷ் மிஷின் ஓடும்போது மட்டும் அவனுக்கு விடுதலை. அந்த இரைச்சலுக்குள் ஒரு தனி அறை இருந்தது. அந்த அறையில் அவன் மச்சானை எத்தனையோ முறை கொன்றிருக்கிறான். சுவரில் மோதிக் கொன்றிருக்கிறான், தண்ணீர் வாளிக்குள் முக்கிக் கொன்றிருக்கிறான், ஒருமுறை வெறும் கட்டைவிரல்களால் மிகவும் மெதுவாகக் கொன்றிருக்கிறான். விசையை விட்டதும் இரைச்சல் அடங்கும். மச்சான் முழுசாக நின்றுகொண்டு டீ குடிப்பார்.

அன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு பாலிஷ் கம்பெனி ஆள் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசுகிற மனிதர். ஒரு வெள்ளைப் பாட்டிலும், கண்ணைக் குத்துகிற ஒரு டார்ச் விளக்கும் கொண்டுவந்திருந்தார். புது பாலிஷாம். தூசி பறக்காதாம், ஒரே ஓட்டில் கீறலெல்லாம் போய்விடுமாம். பட்டறையை நடத்துகிற முதலாளியம்மா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வாயால் தேய்த்தது போதும், வண்டியில் தேய்த்துக் காட்டுங்கள் என்றார். தன்னுடைய கறுப்புக் காரையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். கறுப்பு வண்டியில்தான் பொய் சொல்ல முடியாது. துணி பட்ட தடம்கூட அதில் காட்டிக்கொடுத்துவிடும்.

முறை எப்போதும் உள்ளதுதான். என்ஜின் மூடியான பானெட்டின் நட்டநடுவில் மேலிருந்து கீழாகக் காகித டேப் ஒட்டினார்கள். இடது பாதியில் புது பாலிஷ், வலது பாதியில் பட்டறையின் பழைய பாலிஷ். இருபது வருட அனுபவக்காரர் என்பதால் வலது பாதி மச்சானுக்கு. இடது பாதியை முதலாளியம்மா அவனிடம் கொடுத்துவிட்டு, ஆபீஸ் அறைக்குள் போன் பேசப் போனார்.

மச்சான் தன் பாதியை முதலில் முடித்தார். நன்றாகத்தான் வந்தது. மிஷினை அவனிடம் நீட்டும்போது, "பாத்து மாப்ள. வண்டிக்குப் பல்லு கெடையாது, உடைக்கறதுக்கு," என்றார். கம்பெனி ஆள் என்ன ஏதென்று புரியாமல் சிரித்து வைத்தார்.

அவன் மிஷின் முனையில் சுழல்கிற கம்பளிப் பேடைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டி, அதில் சுண்டைக்காய் அளவில் நான்கு சொட்டு விட்டான். வேகத்தை இரண்டில் வைத்தான். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. முடியைவிட மெல்லியது. தேய்ப்பவனுடைய கோபம் கை வழியாக இறங்கினால் அந்தப் படலம் ஒரு நொடியில் கருகிவிடும், அதிலும் பானெட்டின் மேட்டு விளிம்பில் அரை நொடி போதும். அவன் மூச்சை வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டான். மிஷின் வலப்பக்கமாக இழுத்தது, அவன் இழுத்த பக்கமே போகவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தான். பின்னால் மச்சான் கம்பெனி ஆளிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கை வைத்தால் எதுவும் மிஞ்சாது, பெண்டாட்டி மிஞ்சவில்லை, பிள்ளை மிஞ்சவில்லை, பானெட் எம்மாத்திரம். நாலு ஓட்டுக்கு ஒருமுறை மிஷினைத் தூக்கிவிட்டு, புறங்கையைத் தகட்டில் வைத்துச் சூடு பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிற குழந்தையின் நெற்றி போல.

துடைத்துவிட்டு நகர்ந்தான். கம்பெனி ஆள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வலது பாதியில் வெளிச்சத்தைச் சுற்றி மெல்லிய சுழிக்கோடுகள் தெரிந்தன. இடது பாதியில் ஒன்றுமே இல்லை. கறுப்பு ஆழமாக, ராத்திரிக் கிணறு போல இருந்தது. அதற்குள் மூன்று பேருடைய முகங்களும் தலைகீழாக மிதந்தன. கம்பெனி ஆள் தன் பாலிஷையே மறந்துவிட்டு, இந்த மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை என்று அவனிடம் சொன்னார்.

அவன் சிரித்துவிட்டான். ஆறு மாதத்தில் பட்டறைக்குள் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. மச்சானால் அதைத் தாங்க முடியவில்லை.

துணியை எடுக்கிற சாக்கில் அவர் பக்கத்தில் வந்தார். கம்பெனி ஆளுக்குக் கேட்காத குரலில், அக்கறையாகச் சொல்வது போலச் சொன்னார்: "நேத்து ராத்திரி உம் பொண்ணு தூக்கக் கலக்கத்துல என்னை அப்பான்னு கூப்பிட்டா மாப்ள. நானும் என்னம்மான்னு கேட்டேன். கொழந்தைதானே, எத்தனை நாளைக்குத்தான் காத்துக்கிட்டு கெடக்கும்."

அவனுடைய கைகள் பைக்குள் போயின. தைத்த தையல் விரல்நுனியில் பட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று எண்ணினான்.

மச்சான் அதோடு விடவில்லை. பாட்டிலில்தான் விஷயம் இருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை, யார் தேய்த்தாலும் இப்படித்தான் வரும் என்று கம்பெனி ஆளிடம் வாதாடினார். இதோ தன்னுடைய பாதியிலேயே புது பாலிஷைப் போட்டுப் பாதி நேரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று மிஷினை எடுத்தார். வேகத்தை ஆறுக்குத் திருப்பினார். விரல் வலிக்காமல் இருக்க விசையைப் பூட்டுகிற பொத்தானையும் அழுத்திவிட்டார்; இனி விரலை எடுத்தாலும் மிஷின் நிற்காது.

அவர் கழுத்தில் துடைக்கிற துணி இருந்தது. பட்டறையில் தரையில் விழுந்த துணி செத்த துணி. அதில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் வண்டி கீறிப்போகும் என்று உடனே குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால் துணி விழக் கூடாது என்று மச்சான் அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முன்னால் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவைப்பார். மிஷின் ஓட்டும்போது கழுத்தில் எதையும் கட்டாதே என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்வார். அது மற்றவர்களுக்கு. துணியைக் காப்பாற்றுவதற்கு அவரிடம் இருபது வருடப் பழக்கம் இருந்தது.

பானெட்டின் மேல்பக்கத்தை எட்டுவதற்காக அவர் குனிந்தார். முடிச்சின் ஒரு முனை தொங்கியது. கம்பளி அதைக் கவ்வியது.

இரண்டு சுற்று. அவ்வளவுதான் தேவைப்பட்டது. துணி கயிறாகத் திரிந்தது, மிஷின் பானெட்டைவிட்டு எழும்பி அவர் தாடைக்கு ஏறியது. கம்பளி கழுத்துத் தோலைத் தேய்த்த சத்தம் ஈரமாக இருந்தது. புது பாலிஷ் வெள்ளையாகத் தெறித்து, அடுத்த நொடி இளஞ்சிவப்பாகத் தெறித்தது. மச்சானின் கால்கள் தரையில் சறுக்கின. தள்ளிவிட வேண்டிய கை, பயத்தில் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தன் கழுத்தை நெரிக்கிற மிருகத்தைத் தானே அணைத்துக்கொண்டு நிற்பவர் போல அவர் நின்றார். முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. கம்பெனி ஆள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, பிளக் எங்கே, பிளக் எங்கே என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடினார். பிளக் இருந்தது பெயிண்ட் டின் அடுக்கிய ரேக்குக்குப் பின்னால்.

அவனுக்கு பிளக் இருக்கிற இடம் தெரியும். அவன் சொல்லவில்லை.

அவன் நின்றான். கைகள் பைக்குள் இருந்தன. ஆறு மாதமாக அவன் அடித்து அடித்துப் பழக்கிய நாய்கள் அவை, இப்போது போ என்றாலும் போகாமல் படுத்துக்கிடந்தன. உண்மையில் அவன் போ என்று சொல்லவும் இல்லை. மிஷின் இரைச்சலுக்குள் இருந்த அந்தத் தனி அறைக்கதவு திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு அவன் விரல்கூட அசைக்க வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மச்சானின் கண்கள் அவனைத் தேடி வந்தன. நான்கு. அந்தக் கண்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவனுடைய பைகளைப் பார்த்தன.

ஐந்தாவதில் அவன் பாய்ந்தான். ஏன் என்று அவனைக் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வலது முஷ்டியைத் தலைக்கு மேலே ஓங்கி, மச்சானின் மணிக்கட்டின் மேல் இறக்கினான். உள்ளே காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி ஏதோ ஒடிந்தது. பிடி விட்டது. மிஷின் துள்ளி அவன் விரல் முட்டிகளில் நான்கைத் தோலுரித்துவிட்டுப் போனது. அவன் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ரேக்குக்குப் பின்னால் டின்கள் உருளுகிற சத்தம் கேட்டது. பிளக் கழன்றுவிட்டது. மிஷின் முனகி நின்றது.

பேடைப் பின்பக்கமாகத் திருப்பினான். ஒரு சுற்று, இரண்டு, இரண்டரை. துணி தளர்ந்தது. முன் சக்கரத்தில் சாய்ந்து விழுந்த மச்சானின் தொண்டைக்குள் காற்று போனது, கெட்டில் விசில் போல. மறுபடியும் போனது. நீலம் வடிந்து முகம் சிவந்தது. பிழைத்துக்கொண்டார். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்திருக்கலாம், பயம் இருந்திருக்கலாம். கேலி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்போதுதான் அவன் இரண்டாவது முறை அடித்தான்.

தோளைப் பின்னால் இழுத்து, கட்டைவிரலை வெளியே மடக்கி, அந்த வாயின் மேலேயே. கட்டுப்பல் தெறித்துக் காருக்கு அடியில் போனது. கம்பெனி ஆள் இன்னும் ரேக்குக்குப் பின்னால், டின்களுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தார். முதலாளியம்மா ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. அவன் உடம்பு முழுக்க, உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை, வெந்நீரில் குளித்தது போல ஒரு சுகம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் எல்லாமே அவனுக்குச் சாதகமாக நடந்தது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு, கழுத்துத் தோல் போயிருக்கிறது, குரல்வளை வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் பேசக் கூடாது, ஆனால் உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். மிஷின் எகிறி வாயிலும் அடித்திருக்கிறது என்று அவரே எழுதிக்கொண்டார். இன்னும் பத்து நொடி போயிருந்தால் ஆள் இல்லை என்றார். கம்பெனி ஆள் அதைக் கேட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அவனுடைய வீரத்தைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மிஷின் கொஞ்சம் பெரிதானது. மச்சானின் மனைவி வந்து, கட்டுப்போட்ட அவனுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இந்தக் கைதான் தம்பி என் தாலியைக் காப்பாற்றியது என்று அழுதுவிட்டு உள்ளே போனாள்.

கடைசியாக அவனுடைய மனைவி வந்தாள். ஆறு மாதமாக அவனை வாசலில் நிற்கவைத்தே பேசியவள், நடைபாதை நாற்காலியில் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுடைய சோப்பு வாசனை வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கு," என்றாள். "இன்னைக்கே வந்துடுறோம்."

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அப்பா மாமாவை எப்படிக் காப்பாற்றினார் என்று அவள் பொம்மையை வைத்து நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாளாம். பொம்மையின் கையில் ஒரு அடி, உடனே பொம்மைக்கு ஒரு முத்தம். இதைச் சொல்லும்போது மனைவி சிரித்தாள்.

சும்மா இருந்தால் போதும். மச்சானால் பேச முடியாது, எழுதுகிற கையும் இல்லை. ஒரு மாதம் கழித்துச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள். பகையில் சொல்கிறார் என்பார்கள். அவன் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தான். பொம்மைக்கு விழுந்த முத்தத்தையும் எண்ணிப் பார்த்தான். அவன் அங்கே கொடுத்தது முத்தம் இல்லை.

"ரெண்டு தடவ அடிச்சேன்," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"மொத அடியிலயே மிஷின விட்டுட்டாரு. துணியக் கழட்டினேன். மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு அடிச்சேன், வாயில."

"எதுக்கு?"

மகள் தூக்கத்தில் யாரை அப்பா என்று கூப்பிட்டாள் என்பதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பாதி மன்னித்துவிடுவாள் என்பதும் தெரியும். அதனாலேயே விழுங்கிவிட்டான். "அடிக்கணும்போல இருந்துச்சு. அடிச்சேன். நல்லா இருந்துச்சு," என்றான். பிறகு, ஆரம்பித்த பின் பாதியில் நிறுத்தத் தெரியாதவனாக, "அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அதுவும் நல்லாதான் இருந்துச்சு," என்றான்.

அவள் எழுந்து நின்றாள். ஒரு கணம் அப்படியே போய்விடுவாள் என்று நினைத்தான். அவள் கை வந்தது. அறை காதோடு சேர்த்து விழுந்தது. நடைபாதை முழுக்கக் கேட்டது. இன்னொன்று, மறு கன்னத்தில். மூன்றாவது மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. கல்யாணமான எட்டு வருடத்தில் ஒரு கொசுவைக்கூட ஓங்கி அடிக்காதவள். நான்காவது முறை ஓங்கிய கையை அவளே அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தாள். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. அவள் வாய் திறந்திருந்தது, மூச்சு வாங்கியது. கையை உதறினாள். அவளுக்கும் அது எப்படி இருந்தது என்று அவன் கேட்கவில்லை.

அவன் கைகள் மடியில் கிடந்தன. பைக்குள் போடத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கெழம வர மாட்டோம்," என்றாள்.

"சரி."

"நாளைலேருந்து ஒண்ணுன்னு எண்ணிக்குங்க. ஆறு மாசம். மறுபடி மொதல்லேருந்து."

"சரி."

"சும்மா நிக்கறதையும் சேத்துதான்."

அதற்குச் சரி சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சத்தம் கேட்டு வந்த நர்ஸ், கையில் படிவத்தோடு சற்றுத் தள்ளி நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் மூக்கில் வழிந்ததைப் பார்த்து, எதுவும் கேட்காமல், பஞ்சு ஒன்றை நீட்டினாள். பிறகு அடிபட்டவரைக் கூட்டிவந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"இவர் பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று மனைவியிடம் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் மனைவி, எரிகிற கையை இன்னொரு கையால் பிசைந்துகொண்டே.

"அது உங்களுக்கு. பேஷண்டுக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு, நானும் அவருக்கு மச்சான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றான்.